எந்தப் படகு விரைந்தது?

கள்ளக்குறிச்சியிற் பிறந்தவன் ஒருவன் பாய்ப்படகைப் பற்றி எழுதப் புகுந்தால் அதனைக் கேட்டு நகைப்பார் பலர் உளர். எங்கள் ஊரிலிருந்து கடற்கரை நேர்க்கோட்டில் அளப்பினும் 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. மேற்றிசையிற் கல்வராயன் மலை. அதன் அடியிற் கோமுகி அணை. சுற்றிலும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் விளையும் வயல்கள். இவையே யான் பிறந்து வளர்ந்த உலகம். பதினேழாம் ஆண்டு நிரம்புமளவும் யான் கண்ட படகுகள் இரண்டே வகையின. ஒன்று, நீர்நிலைகளில் மீன் பிடிப்போர் துடுப்பாற் செலுத்தும் பரிசல்; மற்றொன்று, மலைமேற் கரியாலூரில் சுற்றுலாவாக வருவோர் காலால் மிதித்துச் செலுத்தும் படகு. இவ்விரண்டிலும் காற்றுக்கு யாதொரு வேலையும் இல்லை.

அங்ஙனமாக, கடலறியாத யான் ஞாயிறுதோறும் சென்னைத் துறைமுகத்தின் ஓரத்தில் ஒரு கையிற் காலங்காட்டும் கருவியும் மற்றொரு கையிற் குறிப்பேடும் தாங்கி நிற்பவனாயினமைக்குக் காரணம் என் நண்பன் ஒருவன். அவன் காசிமேட்டில் மீன்பிடிக்கும் குடும்பத்திற் பிறந்தவன். எங்கள் கல்லூரியில் வரலாறு பயில்பவன். அவன் தந்தையார் இளமையிற் கட்டுமரத்திற் பாய் விரித்துச் சென்றவர்; இப்போது இயந்திரப் படகிற் கூலிக்குச் செல்பவர். நண்பனோ படகுக் கழகம் ஒன்றிற் பயிற்சி பெற்று, கழகத்துக்குரிய சிறு படகொன்றைப் பந்தயத்திற் செலுத்தி வந்தான். “கணக்கு எழுத ஆள் இல்லை, நீ வருகிறாயா?” என்று ஒருநாள் கேட்டான். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவனுக்குக் கணக்கிற் பெரிய பழக்கம் இல்லையெனினும், கணக்காசிரியர் ஒருவரின் மகன் என்னும் துணிவால் இசைந்தேன். அதுமுதல் அதிகாலை ஆராதனை முடிந்தவுடன் மின்சார ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்குவது என் வழக்கமாயிற்று.

சென்னைத் துறைமுகத்திற் பாய்ப்படகுப் பந்தயம் புதிதன்று. இராயல் மெட்ராஸ் யாட் கிளப் என்னும் கழகம் 1911ஆம் ஆண்டிலே தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் அக்காலத்தில் துறைமுகக் கழகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர். அடுத்த ஆண்டாகிய 1912இல் அவருடைய அலுவலகத்தில் ஓர் இளைஞர் எழுத்தராக அமர்ந்தார். அவரே கணித மேதை இராமானுஜன். படகும் கணக்கும் ஒரே துறைமுகத்தில் ஒரே காலத்தில் வளர்ந்தன என்பதை நினைக்குந்தோறும் எனக்கு ஓர் உவகை பிறக்கும். அவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு நாடி நிற்பன என்பதை அறிந்தபின் அவ்வுவகை இன்னும் மிகுந்தது.

முதல் நாள் யான் நண்பனிடம் கேட்ட வினா, எவரும் கேட்கக்கூடிய எளிய வினா: “இவற்றுள் எந்தப் படகு விரைவுடையது?” அவன் நகைத்தான். “எந்தக் காற்றில்? எவர் ஏறினால்? எத்திசை நோக்கி?” என்று மூன்று வினாக்களை எனக்கு விடையாகத் தந்தான். அவற்றின் பொருளை யான் உணர ஓராண்டு சென்றது. உணர்ந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

ஒருவரே ஏறிச் செலுத்தும் சிறு படகுகள் பல வகையின. சிறுவர்க்குரியது ஆப்டிமிஸ்ட் என்பது. அமெரிக்க நாட்டுப் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947இல் வகுத்தது, பெட்டிபோன்ற வடிவுடையது, நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், எடை 35 கிலோகிராம். பதினைந்து வயது வரையினர் இதிற் போட்டியிடுவர். வலியவர்க்குரியது பின் என்னும் படகு. சுவீடன் நாட்டு ரிக்கார்ட் சார்பி வகுத்தது, 4.5 மீட்டர் நீளமும் பத்துச் சதுர மீட்டருக்கு மிகுந்த பாயும் உடையது. 1952 முதல், 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் வரையில் அவ்விழாவில் இடம்பெற்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே உலகெங்கும் பெருவழக்காய் உள்ள லேசர் என்பது. கனடா நாட்டினரான புரூஸ் கர்பி வகுத்த இது 1971ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 2019 முதல் ஐ.எல்.சி.ஏ. என்னும் பெயராலும் வழங்குகிறது. இதன் உடல் 4.2 மீட்டர் நீளமும் 59 கிலோகிராம் எடையும் உடையது. உடல் ஒன்றே, பாய் மூன்று. பெரும்பாய் ஏழு சதுர மீட்டர்; இடைப்பாய் ஐந்தே முக்காற் சதுர மீட்டர் அளவினது; சிறுபாய் 4.7 சதுர மீட்டர். இம்மூன்றனையும் முறையே ஏழு, ஆறு, நான்கு என்னும் எண்களால் வழங்குவர். என் நண்பனுடையது ஆறாம் எண்ணுடையது.

இனி, விரைவு எதனால் உண்டாகிறது என்பதைக் காண்போம். பாய் பெரிதாயின் விரைவு மிகும் என்று யான் எண்ணியிருந்தேன். அது பாதி உண்மையே. படகு நீரைப் பிளந்து செல்லும்போது தன் முன்னும் பின்னும் அலைகளை எழுப்புகின்றது. விரைவு மிகுந்தோறும் அவ்வலையின் நீளமும் மிகும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது, படகானது தானே தோண்டிய பள்ளத்திலிருந்து ஏறமாட்டாமல் தவிப்பதாகிவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று வீசினும் விரைவு எளிதில் மிகாது. நீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆற் பெருக்கினால் அவ்வெல்லை கடல்மைற் கணக்கிற் கிடைக்கும். இக்கணக்கின்படி ஆப்டிமிஸ்ட் மணிக்கு ஏறத்தாழ 3.6 கடல்மைலும், லேசர் 4.7 கடல்மைலும், பின் 5 கடல்மைலும் செல்லும். ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர். ஆதலின் நீண்ட படகு விரைவுடையது என்பது முதல் விதி.

ஆனால் இவ்விதிக்கு ஒரு விலக்கு உண்டு. எடை குறைந்ததும் அடி தட்டையானதுமான படகு, வன்காற்றிற் பள்ளத்தைக் கடந்து நீரின் மேலே எழுந்து வழுக்கிச் செல்லும். குளத்து நீரிற் சிறுவர் எறியும் ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வது போன்றது அது. அந்நிலையில் லேசர் பத்துக் கடல்மைலையும் கடந்து ஓடும். மாத் என்னும் வேறொரு படகு, நீருள் அமைந்த சிறகுகளால் உடல் முழுதும் நீரைவிட்டு எழும்ப, முப்பது கடல்மைலுக்கு மேலும் பறந்ததுண்டு. ஆகவே மென்காற்றில் ஒரு வரிசையும் வன்காற்றில் வேறொரு வரிசையும் உண்டாதல் இயல்பே.

செலுத்துவோனின் எடையும் சிறிய காரணமன்று. காற்றுப் பாயைச் சாய்க்க, செலுத்துவோன் தன் உடலைப் படகின் விளிம்புக்கு வெளியே நீட்டி அதனை நிமிர்த்துகிறான். பெரும்பாயை வன்காற்றில் தாங்குதற்கு எண்பது கிலோகிராம் எடையேனும் வேண்டும் என்பர். மெலிந்தவன் அதனைத் தாங்கமாட்டாமற் கயிற்றைத் தளர்த்திக் காற்றை வீணே விடுவான். அவ்வேளையிற் சிறுபாய் உடையவன் அவனைக் கடந்து செல்வதும் உண்டு. மென்காற்றிலோ மெலிந்தவனுக்கே நன்மை. மேலும், காற்றை எதிர்த்து நேரே செல்லும் பாய்ப்படகு உலகில் இல்லை. ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்பியே எதிர்க்காற்றில் ஏறவேண்டும். எப்போது திரும்புவது என்று அறிந்தவன் குறுகிய வழியிற் செல்வான். அறியாதவன் விரைந்து ஓடியும் பின்தங்குவான். மலைப்பாதையிற் கொண்டையூசி வளைவுகளை அறிந்த எனக்கு இது விளங்க நெடுநேரம் ஆகவில்லை.

இங்ஙனம் காரணங்கள் பலவாயின், வென்றவர் இவர் என்று எவ்வாறு துணிவது? அதற்கு அறிஞர் இரண்டு நெறிகள் கண்டனர். முதல் நெறி, யாவருக்கும் ஒரே வகைப் படகைத் தருவது. ஒலிம்பிக் பந்தயத்தில் இந்நெறியே ஆளப்படுகின்றது. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆயினார். அவர் செலுத்தியது நண்பன் செலுத்தும் அதே ஆறாம் எண் வகை. வேலூரிற் பிறந்த விஷ்ணு சரவணன் ஏழாம் எண் வகையைச் செலுத்தி, 2023இல் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலப் பதக்கம் பெற்றார். இவ்விருவரும் டோக்கியோவிலும் 2024இல் பாரிசிலும் போட்டியிட்டனர். படகு ஒன்றாயிருக்கும்போது ஒப்பிடப்படுவது மனிதனே.

ஆயினும் சிறு கழகங்களில் ஒரே வகைப் படகு பல இருத்தல் அரிது. சிறுவன் ஆப்டிமிஸ்டில் வருவான். பொறியாளர் ஒருவர் பெரும்பாயுடன் வருவார். இவர்களை ஒருங்கே ஓடவிட்டு நீதி வழங்குவது இரண்டாம் நெறி. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் என்னும் துறைமுக நகரின் பெயரால் வழங்கும் அளவுகோல் ஒன்று இதற்கு உதவுகின்றது. ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் உண்டு. ஒரே தொலைவைக் கடக்க ஒவ்வொன்றும் எடுக்கும் நேரத்தின் விகிதமே அவ்வெண். ஈற்றிலக்கங்களை முழுமையாக்கிக் கூறின், லேசர் ஏழுக்கு 1100, ஆறுக்கு 1150, நான்குக்கு 1210, ஆப்டிமிஸ்டுக்கு 1640. அஃதாவது பெரும்பாய் 1100 நொடியிற் கடப்பதை ஆறாம் எண் 1150 நொடியிலும் சிறுவர் படகு 1640 நொடியிலும் கடக்கும் என்பது பொருள். ஓடிய நேரத்தை ஆயிரத்தாற் பெருக்கிப் படகின் எண்ணால் வகுத்தாற் கிடைப்பது திருத்திய நேரம். அது யாருக்குக் குறைவோ அவரே வென்றவர். எனவே கரையை முதலில் அடைந்தவர் வெல்லாமற் போதலும், கடைசியில் வந்த சிறுவன் கோப்பையைப் பெறுதலும் இங்கே நிகழக்கூடியவை.

இவ்வகுத்தலைச் செய்வதே என் தொழில். அதிலேதான் யான் பிழைத்தேன்.

அன்று நல்ல கடற்காற்று. துறைமுகச் சுவரின் உட்புறத்தில் மூன்று மிதவைகளைச் சுற்றிவரும் பந்தயம். பொறியாளர் ஒருவர் பெரும்பாயுடன் 44 நிமிடத்தில் முதலில் வந்தார். நண்பன் 46 நிமிடம் 24 நொடியில் வந்தான். ஏனையோர் அவர்களுக்குப் பின்னே வந்தனர். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் ஆப்டிமிஸ்டில், எல்லோரும் பாயை இறக்கிய பின்னும் தளராமல் வந்து, 65 நிமிடம் 20 நொடியில் கோட்டைக் கடந்தாள். யான் நிழலில் அமர்ந்து கணக்கிட்டேன். பொறியாளருக்கு 2400 நொடி, சிறுமிக்கு 2390, நண்பனுக்கு 2301. நண்பன் வென்றான் என்று அறிவித்தேன். கோப்பை ஒன்றே, அது அவன் கைக்குச் சென்றது. அஃது அவன் வாழ்வில் முதற் கோப்பை. அவன் முகத்திற் கண்ட ஒளியை யான் மறவேன்.

அன்றிரவு விடுதியிற் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஏதோ ஒன்று நெஞ்சை உறுத்தியது. பெரும்பாய்க்கும் இடைப்பாய்க்கும் உள்ள வேறுபாடு நூறு நொடி அளவினதாகவே இருத்தல் வேண்டும். அப்படியிருக்க, இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கி வந்தவன் நூறு நொடி முந்தியது எங்ஙனம்? மீண்டும் வகுத்தேன். அப்போது கண்டேன். பட்டியலில் ஆறாம் எண்ணுக்கு நேரே உள்ள 1150ஐ விடுத்து, அதற்குக் கீழ்வரியில் நான்காம் எண்ணுக்கு உரிய 1210ஐ எடுத்து வகுத்திருந்தேன். உண்மையில் நண்பனுக்கு உரிய நேரம் 2421 நொடி. அவன் மூன்றாவது. கோப்பை அச்சிறுமிக்கு உரியது.

அவ்விரவு யான் உறங்கவில்லை. கண் ஒரு வரி தாழ்ந்தது தற்செயலா, அன்றி நண்பன் வெல்லவேண்டும் என்னும் ஆசை அதனைத் தாழ்த்தியதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விடை தெரியவில்லை. குறிப்பேட்டை வேறு எவரும் பாரார் என்பதும் தெரியும். கோப்பையை இழந்த சிறுமி அதை அறியவும் மாட்டாள். பேசாதிருந்தால் எவருக்கும் துன்பம் இல்லை என்று மனம் பலமுறை கூறியது. விடியும் வேளையில், அங்ஙனம் பேசாதிருப்பின் இனி ஒரு ஞாயிறும் அக்குறிப்பேட்டைத் திறக்க என் கை கூசும் என்பது மட்டும் தெளிவாயிற்று.

திங்களன்று வகுப்பு முடிந்தபின் நண்பனை மரத்தடிக்கு அழைத்துச் சென்று கூறினேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பாட்டி அதை விளக்குக்கு அருகில் வைத்திருக்கிறாள். தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்,” என்றான். பின்னர், “இன்னொரு முறை போட்டுப் பார்,” என்றான். போட்டேன். குறிப்பேட்டை வாங்கித் தானும் ஒருமுறை போட்டான். “சரி,” என்று சொல்லி எழுந்து சென்றான். அதன்பின் ஐந்து நாள் அவன் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் துணிப்பையுடன் வந்தான். கோப்பையைத் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தான். எல்லோரும் கூடியபோது முன்னே சென்று அதனை மேசைமீது வைத்து, “சென்ற வாரக் கணக்கிற் பிழை நேர்ந்துவிட்டது. இது என்னுடையதன்று, அந்தத் தங்கச்சிக்கு உரியது,” என்றான். பிழை யாருடையது என்று அவன் கூறவில்லை. யான் எழுந்து, “பிழை என்னுடையது,” என்றேன். ஆனால் அவனுக்குப் பின்னரே எழுந்தேன். சிறுமி இரு கையாலும் கோப்பையை வாங்கிக்கொண்டு அவனையே பார்த்து நின்றாள். என்னிடம் கணக்கு வேலையைத் திரும்பப் பெறுவார்கள் என்று எதிர்பார்த்தேன், பெறவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்னும் பெருமிதத்தோடு அன்று விடுதி திரும்பினேன். அப்பெருமிதத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவேன்.

அவ்வாரத்திலேதான் வகுப்பிற் புறநானூற்றின் அறுபத்தாறாம் பாட்டைப் பயின்றோம். கரிகாற் சோழனை நோக்கி வெண்ணிக்குயத்தியார் பாடியது அது. தொடக்கத்திற் கடலும் காற்றும் வருகின்றன: காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவனின் வழித்தோன்றலாகச் சோழனைப் புலவர் விளிக்கின்றார். பாய்ப்படகைப் பற்றி நம் முன்னோர் கூறிய சொல் எனக் களிப்போடு படித்தேன். முடிவோ வேறு. வெண்ணிப் போரில் வென்றவன் கரிகாலன். தோற்றுப் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் சேரன். வென்றவனுடைய அவையிலே நின்றே, தோற்று நாணியவன் உன்னைக் காட்டிலும் நல்லவன் அல்லனோ என்று அம்மையார் வினவுகின்றார். காற்றை ஆளும் திறத்திற் புகழைத் தொடங்கி, வெற்றி வேறு, நன்மை வேறு என்று முடிக்கும் அப்பாட்டு என்னை விடாது பற்றிக்கொண்டது. இரண்டையும் அளக்க ஒரே கோல் போதாது என்பது அதன் கருத்தென உணர்ந்தேன். ஆயினும் அதனை எவர்மீது பொருத்துவது என்பதை அப்போது அறிந்திலேன்.

விடுமுறைக்கு ஊர் சென்றேன். என் தந்தையார் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பகுதியில் அரசுப் பள்ளி ஒன்றிற் பல்லாண்டு கணக்கு கற்பித்தவர். ஒருநாள் மாலை கோமுகி அணையின் கரைமேல் நடந்து சென்றோம். மலையிலிருந்து இறங்கிய காற்று நீரிற் சுருக்கங்களை எழுப்பிக்கொண்டிருந்தது. பாய்ப்படகைப் பற்றியும் அளவுகோலைப் பற்றியும் அவருக்கு விளக்கினேன். அவர் கேட்ட முதல் வினா: “அந்த எண்ணை இட்டது யார், தம்பி?”

“ஒருவர் இட்டதன்று, அப்பா. பல கழகங்கள் தங்கள் பந்தய முடிவுகளை அனுப்புகின்றன. அவற்றை ஆராய்ந்து இங்கிலாந்தின் படகுச் சங்கம் ஆண்டுதோறும் எண்களைத் திருத்தி வெளியிடுகிறது. தன் நீர்நிலைக்குப் பொருந்தாத எண்ணைக் கழகமே மாற்றிக்கொள்ளலாம்,” என்றேன்.

“அப்படியானால் நல்ல எண். திருத்திக்கொள்ளும் எண்,” என்றார்.

எனக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. யான் எட்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது, அவர் பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு இடமாட்டார். பல கோடுகள் இடுவார். வளர்ந்தவர் பின்கோட்டிலும் சிறியவர் முன்கோட்டிலும் நிற்பர். அவ்வாண்டு யான் காய்ச்சலால் மெலிந்திருந்தமையால் என்னைப் பத்தடி முன்னே நிறுத்தினார். யான் வென்றேன். மலைச்சிற்றூரிலிருந்து நாள்தோறும் காட்டுவழியே நடந்துவரும் மாணவன் ஒருவன் ஓரடி பின்னே வந்தான். யான் வீடெங்கும் தம்பட்டம் அடித்தேன். அடுத்த ஆண்டு தந்தையார் என் கோட்டைப் பத்தடி பின்னே தள்ளினார். யான் அழுதேன். “போன வருடம் நீ ஓடியது உன் காலால் மட்டுமன்று, என் சுண்ணாம்பாலும் ஓடினாய்,” என்றார். போர்ட்ஸ்மத் அளவுகோலின் தத்துவம் முழுவதும் அச்சொல்லில் அடங்கியிருந்ததை இப்போதுதான் அறிந்தேன்.

பின்னர் என் பிழையையும் அதைத் திருத்தியதையும் கூறினேன். அவர் மெச்சுவார் என எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? அவர் நெடுநேரம் நீரையே பார்த்திருந்தார். பிறகு, “பிழை செய்தாய்; ஒப்புக்கொண்டாய்; நல்லது. அந்தப் பையன் வீட்டில் கோப்பை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்டாயா?” என்றார்.

யான் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. என் கண் தாழ்ந்ததற்கு யான் கொடுத்த விலை ஓர் இரவின் உறக்கம். அவன் கொடுத்த விலை தன் பாட்டியின் மகிழ்ச்சி, தெருவார் மதிப்பு, முதற் கோப்பை. பிழை என்னுடையது, இழப்பு அவனுடையது, பெருமிதமோ யான் எடுத்துக்கொண்டது. வெண்ணிக்குயத்தியார் கேட்ட வினா யாரைக் குறித்தது என்பது அணைக்கரையில் நின்றபோதே எனக்கு விளங்கிற்று.

கல்லூரி திறந்தபின் நண்பனைக் கேட்டேன். “பாட்டி இரண்டு நாள் கேட்டாள், எங்கே அது என்று. உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். இப்போது விளக்கு மட்டும் இருக்கிறது,” என்றான். பின்பு, “அப்பாதான் சொன்னார், கட்டுமரத்தில் போகும்போது அடுத்தவன் வலையில் விழுந்த மீனை எடுக்கமாட்டோம் என்று,” எனக் கூறி, அவ்வாரக் காற்றைப் பற்றிப் பேசத் தொடங்கினான். எனக்குச் சொல்லவேண்டியது எதுவும் இல்லாமற் போயிற்று. மன்னிப்பு மட்டும் கேட்டேன். முதன்முறை அதைக் கேட்காமலே விட்டிருந்தேன்.

எந்தப் படகு விரைந்தது என்னும் வினாவுக்கு இப்போதும் யான் ஒரு சொல்லில் விடை கூறமாட்டேன். நீளமும் எடையும் பாயும் காற்றும் அறிந்தபின் ஓரளவு கூறலாம். அளவுகோலைக் கொண்டு இன்னும் சிறிது துணியலாம். ஆயினும் அளவுகோலைப் பிடிக்கும் கை நேராயிராவிடின் அத்தனையும் பயனிலவாம். மனிதரை ஒப்பிடும்போது இஃது இன்னும் மெய். என்னோடு பயில்வோர் யார் எங்கிருந்து புறப்பட்டு எந்தக் காற்றில் வந்தார் என்று அறியாமல், முதலில் வந்தவர் இவர், பின்தங்கியவர் இவர் என்று இனி எளிதிற் சொல்லத் துணியேன்.

நண்பன் இன்னும் கோப்பை பெறவில்லை. சென்ற மாதம் இரண்டாவது வந்தான். அக்கணக்கை மும்முறை போட்டேன். ஊரிலிருந்து புறப்படும்போது தந்தையார் தாம் பள்ளியிற் பயன்படுத்திய மரத்தாலான அடிக்கோல் ஒன்றைப் பேருந்து நிலையத்தில் என் கையிற் கொடுத்தார். காரணம் கூறவில்லை. ஞாயிறுதோறும் அதனைப் பட்டியலின்மேல் வைத்து, வரி தாழாமற் பார்த்து, பிறகே எண்ணை எழுதுகிறேன்.